உப்புத் தண்ணீர்க் கறை: தேய்க்க வேண்டாம், ஊற வையுங்கள்

கேள்வி: கோயம்புத்தூரில் 5 வருடமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். குடிக்கச் சிறுவாணி, மற்ற எல்லாவற்றுக்கும் போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர். வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையில், தண்ணீர் நிற்கும் மட்டத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கிறது. பின்பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக, செம்மண் நிறத்தில் ஒரு கோடு. பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தேன். வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊற்றினேன். கோலாகூட ஊற்றினேன். ஒன்றும் அசையவில்லை. வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் கம்பி நாரால் தேய்த்துவிட்டார். வளையம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அந்த இடமெல்லாம் சாம்பல் நிறக் கீறல்கள். இப்போது, தெருவில் விற்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றலாம் என்கிறார். அடுத்த மாதம் வீட்டுக்காரர் வருகிறார். கோப்பையைக் கெடுத்துவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறத்தில் தெரிவதெல்லாம் கீறல் என்று முடிவுகட்ட வேண்டாம். பீங்கான்மேல் இரும்பை அழுத்தித் தேய்க்கும்போது பல நேரம் தேய்வது பீங்கான் அல்ல, இரும்புதான். அது பென்சில் கோடு மாதிரி மேலே ஒட்டிக்கொள்ளும். அடைப்பு எடுக்க ஸ்பிரிங் கம்பி விட்ட கோப்பைகளிலும் இதே சாம்பல் கோடுகளைப் பார்க்கலாம்.

எது எது என்று நீங்களே பார்த்துவிடலாம். கோப்பையில் நிற்கும் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, அந்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். கையுறை போட்ட விரலில் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தைப் பிடித்து, கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது இரும்பு ஒட்டல். அடுத்து செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல், சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கோட்டின் இரு பக்கமும் பளபளப்பு ஒரே மாதிரி இருந்தால் கவலை இல்லை. அந்தத் திட்டு மட்டும் மங்கலாக, ஒளியைத் திருப்பி அடிக்காமல் இருந்தால்தான் மேல்பூச்சு போயிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெரும்பகுதி இரும்பு ஒட்டலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது போய்விடும், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

மேல்பூச்சைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கோப்பை களிமண்ணால் ஆனது. அதன்மேல் ஒரு மெல்லிய கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. கிளேஸ் என்பார்கள். 1 மில்லிமீட்டர்கூட வராது. சூளையில் கிட்டத்தட்ட 1200 டிகிரி செல்சியஸில் வேகும்போது உருகிப் பிடித்த பூச்சு அது. அது இருக்கும்வரை அழுக்குக்குப் பிடிமானம் கிடைக்காது. அதில் கீறல் விழுந்துவிட்டால் ஒவ்வொரு கீறலும் உப்புக்கும் கிருமிக்கும் உட்கார ஒரு இடம். கறை முன்பைவிடச் சீக்கிரம் வரும், அதை எடுக்க இன்னும் அழுத்தித் தேய்ப்போம், கீறல் இன்னும் கூடும். வீட்டில் வைத்து அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. ஸ்பிரே பெயின்ட் அடித்துச் சரிசெய்கிறேன் என்று வருபவரை நம்பாதீர்கள். தண்ணீரும் பிரஷ்ஷும் படும் இடத்தில் அது உரிந்து வந்துவிடும்.

கனிமங்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதில் சுண்ணாம்புப் படிவம் 3. கண்ணாடிப் பூச்சு 5 முதல் 6. எஃகும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. மணல் 7. அதாவது உங்கள் கறை கோப்பையைவிட மென்மையானது; அதை எடுக்க இரும்பும் மணலும் தேவையே இல்லை. செங்கல் தூள், மணல் கலந்த பாத்திரப் பவுடர், உப்புத்தாள் எதையும் கோப்பைக்குள் கொண்டுபோகாதீர்கள். கால் தேய்க்கும் பியூமிஸ் கல்லை நனைத்துத் தேய்த்தால் கீறாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் சிபாரிசு செய்வதில்லை. கல்லும் காய்ந்து, கோப்பையும் காய்ந்திருக்கும் ஒரு நிமிடம் போதும், வேலை கெட்டுவிடும்.

சரி, கறைக்கு வருவோம். உங்கள் கோப்பையில் இருப்பது ஒரு கறை அல்ல, இரண்டு.

வளையம் என்பது சுண்ணாம்பு. உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் காற்றைத் தொடும் விளிம்பில் ஈரம் காயக் காய, கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டாக மாறி அங்கேயே படிகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே பொருள்தான். தனியாக இருந்தால் வெள்ளையாக இருக்கும். அதில் நுண்ணிய துளைகள் நிறைய. அழுக்கு, சிறுநீர் உப்பு, இரும்பு எல்லாம் அதற்குள் ஊறிப் பழுப்பாகிவிடுகிறது. பின்சுவரில் இருக்கும் செம்மண் நிறக் கோடு இரும்பு, அதாவது துரு. போர் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டதும் சிவக்கும். காலையில் ஒரு வெள்ளை வாளியில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்து, சாயங்காலம் பாருங்கள். லேசாக மஞ்சள் தட்டி, அடியில் செந்தூள் இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே பீங்கானிலும் துணியிலும் கறை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது நீங்கள் செய்தவை ஏன் பலிக்கவில்லை என்பது புரியும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், பாசியை வெளுக்கும். சுண்ணாம்பைக் கரைக்காது. அது தயாராவதே சுண்ணாம்பிலிருந்துதான். துருவின் விஷயத்தில் அது எதிராக வேலை செய்யும்: தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பையும் சிவப்பாக்கிப் படிய வைத்துவிடும். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்கிக்கொண்டு வரும், பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பது போல இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் நுரை அது. நுரை அடங்கினால் மிஞ்சுவது வெறும் உப்புக் கரைசல். சோடா போடாமல் வினிகரை மட்டும் விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் பலன் இருந்திருக்கும். கோலாவில் அமிலம் இருக்கிறது, ஆனால் 5 வருட வளையத்துக்கு அது போதவே போதாது.

இன்னொரு காரணமும் உண்டு. எதை ஊற்றினாலும் பலர் தோற்பது இங்கேதான். கோப்பையில் எப்போதும் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கிறது. வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம்தான். அரை பாட்டில் வினிகரை அந்தத் தண்ணீரில் ஊற்றினால் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் முதல் வேலை, நிற்கும் தண்ணீரை வெளியேற்றுவது. ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். ஒரு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள். பிறகு பிளஞ்சரால், அதாவது அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணம் மாட்டிய குச்சியால், நிதானமாகப் பல தடவை அழுத்தினால் தண்ணீர் உள்ளே தள்ளப்பட்டு மட்டம் இறங்கும். மீதியை ஒரு பழைய ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்துவிடலாம். அந்தத் தண்ணீர்தான் கீழேயிருந்து வரும் வாடையைத் தடுக்கிறது. அது இறங்கியதும் வாடை வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கரைக்க நான் சொல்வது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளைப் படிகமாக இருக்கும். 2 லிட்டர் தண்ணீரைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, அதில் 200 கிராம் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றவே கூடாது. சூடு திடீரென்று ஏறினால் பீங்கான் விரிசல் விடும். இரவு எல்லோரும் டாய்லெட் போய் வந்த பிறகு இந்தக் கரைசலை மெதுவாக ஊற்றுங்கள். பழைய வளையம் வரை ஏறி நிற்கும். வளையத்துக்கு மேல் இருக்கும் கறைக்கு, டிஷ்யூ பேப்பரைப் பட்டை பட்டையாக மடித்து, அதே கரைசலில் நனைத்து ஒட்டிவிடுங்கள். காய்ந்து விழாமல் இருக்க நன்றாக ஈரமாக இருக்கட்டும். மூடியைச் சாத்திவிட்டுப் படுக்கப் போங்கள்.

கொஞ்ச நேரத்தில் உற்றுப் பார்த்தால் வளையத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்புவது தெரியும். அதுதான் சுண்ணாம்பு கரையும் அடையாளம். காலையில் பார்த்தால் பழுப்பு வளையம் வெளுத்து, மேல்பகுதி மாவாகியிருக்கும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் ஒரு அடுக்கு வரும். மிச்சத்தைப் பழைய ஏடிஎம் கார்டைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டுங்கள். ஐஸ்க்ரீம் குச்சியும் ஆகும். பிளாஸ்டிக்கும் மரமும் கண்ணாடிப் பூச்சைவிட மென்மை, கீறாது. ஊறிய இடம் சின்னச் செதில்களாகப் பெயர்ந்து வரும். கார்டு கெட்டியான பரப்பின்மேல் வழுக்கினால் அந்த இடம் இன்னும் ஊறவில்லை. அங்கே பலத்தைக் காட்ட வேண்டாம். ஃப்ளஷ் செய்துவிட்டு அன்றிரவு மறுபடி ஊற்றுங்கள். 5 வருடப் படிவு ஒரே இரவில் போகாது. மூன்று, நான்கு இரவுகள் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் வர ஒரு மாதம் இருக்கிறது, தாராளமாகப் போதும். அவசரப்பட்டு அன்றே முடிக்க நினைக்கும்போதுதான் கை மறுபடி கம்பி நாரைத் தேடும்.

அப்படியே கோப்பையின் விளிம்புக்கு அடியிலும் பார்த்துவிடுங்கள். ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் போதும். ஃப்ளஷ் தண்ணீர் இறங்கும் துளைகளைச் சுண்ணாம்பு பாதி அடைத்திருக்கும். ஃப்ளஷ் முன்பு போல வேகமாக வருவதில்லை என்றால் இதுவும் ஒரு காரணம். நனைத்த டிஷ்யூவைக் கயிறு போலத் திரித்து விளிம்புக்கு அடியில் செருகி, இரவு முழுக்க விட்டு, காலையில் பல்குச்சியால் துளைகளைக் குத்திவிடுங்கள். ஊக்கு, ஆணி வேண்டாம்.

வளையம் போன பிறகுதான் செம்மண் கோட்டில் கை வைக்க வேண்டும். சிட்ரிக் ஆசிட்டிலேயே அது பாதி வெளுத்திருக்கும். மீதிக்கு ஆக்ஸாலிக் ஆசிட். ஹார்டுவேர் கடையிலோ கெமிக்கல் கடையிலோ கிடைக்கும். துருவை எடுப்பதில் இதற்கு இணை குறைவு, உங்கள் சாம்பல் கோடுகளும் இதில்தான் போகும். முதலிலேயே இதைப் போட்டால் என்ன என்று தோன்றலாம். சுண்ணாம்பின்மேல் ஆக்ஸாலிக் பட்டால் கால்சியம் ஆக்ஸலேட் என்ற கரையாத உப்பு உண்டாகி, வளையத்தின்மேல் இன்னொரு ஓடாகப் படிந்துவிடும். அதனால் வரிசை மாறக் கூடாது. 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி தூள். டிஷ்யூவை நனைத்துக் கோட்டின்மேல் ஒட்டி, அரை மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து ஃப்ளஷ் செய்யுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. இதை இரவு முழுக்க விட வேண்டியதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். லெமன் சால்ட் சமையலறைப் பொருள். ஆக்ஸாலிக் விஷம், வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டும் வெள்ளைப் படிகம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. வாங்கிய பொட்டலத்திலேயே பெரிதாகப் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். வேலை முடிந்ததும் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ரப்பர் கையுறை கட்டாயம். தூளைக் கொட்டும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

இந்த நாட்களில் பிளீச்சிங் பவுடரை அந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். எந்த அமிலமும் பிளீச்சுடன் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே போட்டிருந்தால் நாலைந்து முறை ஃப்ளஷ் செய்துவிட்டு, மறுநாள் அமில வேலையைத் தொடங்குங்கள்.

இவ்வளவு செய்தும், செம்மண் கோடு ஏன் ஒரே இடத்தில் வந்தது என்று பார்க்காவிட்டால் சில மாதத்தில் அது திரும்ப வந்து நிற்கும். ஒரே இடத்தில், மேலிருந்து கீழாகக் கோடு விழுகிறது என்றால் அங்கே எந்நேரமும் மெல்லியதாகத் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துப் பதினைந்து சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. பிளம்பருக்குச் சின்ன வேலை. வாடகை வீடு என்பதால் இதை வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். கறை உங்கள் கவனக்குறைவால் வந்ததல்ல, தண்ணீராலும் கசிவாலும் வந்தது என்று அவருக்கும் புரியும். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளை நான் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். அந்த ரப்பரைச் சீக்கிரம் இறுக வைத்துக் கசிவைத் தொடங்கி வைப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வாடகை வீட்டில் ஒரு கோப்பைக்காக மென்னீராக்கும் கருவி வாங்குவது வீண் செலவு. வாரத்தில் ஒரு இரவு, 2 மேசைக்கரண்டி லெமன் சால்ட்டைக் கோப்பையில் தூவி, வளையம் வரும் இடத்தில் பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுப் படுங்கள். காலையில் ஃப்ளஷ். புதுப் படிவு மென்மையாக இருக்கும்போதே போய்விடும். செப்டிக் டேங்குக்கும் இந்த அளவு ஒன்றும் செய்யாது. இந்தியன் டாய்லெட்டுக்கும் இதே முறைதான்.

கடைசியாக ஆசிட். தெருவில் விற்கும் பாட்டிலில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கண்ணாடிப் பூச்சை உடனே அரிக்காது. சுண்ணாம்பை வேகமாகவே கரைக்கும். அதனால்தான் எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் கோப்பையைச் சுற்றியுள்ள சிமென்ட் இணைப்பு, டைல்ஸ் இடுக்கு, சீட்டின் ஆணிகள், குழாயின் குரோம் எல்லாவற்றையும் அது தின்னும். அதன் புகை மூச்சில் ஏறும். எவ்வளவு வலிமை என்று அந்தப் பாட்டிலில் எழுதியிருக்காது. சில்லறையில் ஆசிட் விற்பவர், வாங்குபவரின் அடையாளத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டே உத்தரவிட்டிருக்கிறது. பெயரில்லாத பாட்டிலில் வீட்டு வாசலுக்கு வருவதை வாங்கவே வேண்டாம். அமிலம்தான் வேண்டும் என்றால், லேபிள் ஒட்டிய டாய்லெட் கிளீனரே போதும். பலவற்றிலும் அதே அமிலம் 10 சதவீதம் அளவில், சுவரில் ஒட்டி நிற்கும் குழம்பாக இருக்கிறது. லேபிளில் சொன்ன நேரம் மட்டும் விட்டுக் கழுவுங்கள். சிட்ரிக், ஆக்ஸாலிக் எதோடும் கலக்காமல் தனியாகப் பயன்படுத்துங்கள்.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அவர் நல்ல எண்ணத்தில்தான் தேய்த்திருக்கிறார். நாம் கொடுக்கும் பொருளை வைத்துத்தான் அவர் வேலை செய்ய முடியும். கையுறை இல்லாமல், செருப்பு இல்லாமல், ஜன்னல் மூடிய குளியலறையில் குனிந்து நின்று ஆசிட் ஊற்றும் வேலையை எவ்வளவு பேர் வீட்டில் எவ்வளவு சாதாரணமாகக் கொடுக்கிறோம். இருமலும் கை எரிச்சலும் அவர் வீட்டுக்குப் போகின்றன. அவருக்கென்று ஒரு ஜோடி கனமான ரப்பர் கையுறையும் நீளக் கைப்பிடி நைலான் பிரஷ்ஷும் வாங்கி வையுங்கள். ஆக்ஸாலிக் போடும் அன்று அந்த வேலையை நீங்களே செய்துவிடுங்கள், அல்லது பக்கத்தில் நின்று அளவு காட்டுங்கள்.

பழைய ஆசிட் பாட்டில் ஏதாவது வீட்டில் மிச்சம் இருந்தால் சாக்கடையில் அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். வெளியே திறந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆசிட்டின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். பிறகு சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். நுரை வருவது நின்றால் அமிலம் முறிந்துவிட்டது. அதற்கப்புறம் கோப்பையிலேயே ஊற்றி ஃப்ளஷ் செய்துவிடலாம். காலிப் பாட்டிலைக் கழுவி, வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி ஓட்டை போட்டுத் தூக்கிப் போடுங்கள்.